திமிர் என்று சொல்லவிட்டேன்

எங்கள் பக்கம் கலியாணத்துக்குக் கார்ட் மட்டும் அனுப்பினால் சொந்தக்காரர் வரமாட்டார்கள். வீடு வீடாகப் போய் வாயால் சொல்ல வேண்டும். மூத்த மகளின் கலியாணத்தைச் சொல்ல என் மனைவி தனியாகத்தான் போனாள். "அவருக்குக் காய்ச்சல்" என்று ஒவ்வொரு வீட்டிலும் பொய் சொன்னாள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

ஆட்களுக்கு முன்னால் போனால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், கை நடுங்கும். கச்சேரியில், அரசாங்க உத்தியோகத்தில், கோப்புகளோடு காலத்தைத் தள்ளிவிட்டேன். சொந்தக்காரர்கள் அதைப் படித்தவனின் திமிர் என்றார்கள். நான் மறுக்கவில்லை. பயந்தவன் என்பதைவிடத் திமிர் பிடித்தவன் என்பது எனக்குக் கௌரவமாக இருந்தது. அதற்கான பேச்சையெல்லாம் வாங்கியவள் என் மனைவி.

அவள் இறந்த பிறகு இளைய மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. நான் போய்ச் சொல்லாவிட்டால் தாய்வழிச் சொந்தத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். "கார்ட்டையே அனுப்புவம், அப்பா" என்றாள் மகள். அவளும் எனக்காகப் பொய் சொல்லத் தயாராகிவிட்டாள் என்று விளங்கியது.

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த உளவளத்துணையாளர் என் மகளைவிட இளையவர். இதுவும் காய்ச்சலைப் போல ஒரு வருத்தம்தான், சின்னதாகத் தொடங்கிப் பழகலாம் என்றார். மீன்காரரிடம் விலை கேட்பதில் தொடங்கினேன்.

"ஒவ்வொரு நாளும் விலையக் கேட்டுட்டுப் போறீங்க. சோதனைக்குப் படிக்கிறீங்களா சேர்?" என்றார் அவர்.

"ஓம்" என்றேன்.

சில மாதங்களில் சித்தாண்டிக்கு, மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"ஆரு, கச்சேரித் துரையா? எங்கட வீட்டுக்கு வழி தெரியுமா உங்களுக்கு?"

"அவர் முதல்ல இரிக்கட்டும். மறுகா பகிடி பண்ணுங்க" என்று அவர் மனைவி, மச்சாள், கதிரையை இழுத்துப் போட்டார்.

கலியாணத்தைச் சொன்னேன். அதோடு எழும்பியிருக்கலாம்.

"மச்சான், அது திமிர் இல்ல. மனிசரக் கண்டா பயம். இப்ப அதுக்குக் கிளினிக் போறன்."

"பயமா? உங்களுக்கா?" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அப்ப என்ர தங்கச்சி அத்தினை வீட்டையும் தனிய ஏறி இறங்கினது?"

"என்ர பயத்தாலதான்."

"கலியாணத்துக்கு வருவம். அவளுக்காக வருவம். உங்களோட கதைக்கிறதப் பிறகு பாப்பம்."

நியாயம்தான். அடுத்த வீடு அதே ஒழுங்கையில் இருந்தது. துணைக்கு வரவா என்று மச்சாள் கேட்டார், வேண்டாம் என்றேன். வாசல் படலையில் வைத்த கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கட்டும் என்று குரல் கொடுத்தேன்.