மஞ்சள் அட்டையில் அக்காவின் கையெழுத்து

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. ஒரகடத்தில் பெரிய கார் கம்பெனிகளைத் தாண்டி உள்ளே போனால், அவர்களுக்கு இரும்பு பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தினமும் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டு போகிறவள். மொத்தமே இருபது பேர் வேலை செய்யும் இடம். கம்பெனி சின்னதுதான், என் வாய் மட்டும் பெரியது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காலையில் ஷிஃப்ட் தொடங்கியதும் ஒவ்வொரு மெஷினிலும் அடிக்கிற முதல் பீஸ் என் மேஜைக்கு வரவேண்டும். நான் அளந்து பார்த்து, ஒரு மஞ்சள் அட்டையில் கையெழுத்துப் போட்டு, அந்தப் பீஸோடு சேர்த்து மெஷினிலேயே கட்டித் தொங்கவிடுவேன். அதற்கப்புறம்தான் லைன் ஓடும். யாராவது அவசரப்பட்டு எனக்குக் காட்டாமல் ஓட்டிவிட்டால், அன்றைக்கு முழுக்க என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அந்த ஆடியில் எங்கள் கஸ்டமரான கார் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. புதிதாக ஒரு பார்ட் எங்களுக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க, இரண்டு வாரத்தில் ஆடிட் வருகிறார்களாம். கூடவே ஒரு நீண்ட பட்டியல். அதில் ஒரு வரியைப் பார்த்ததும் முதலாளியின் முகம் செத்துப்போனது. கம்பெனியில் உள்ள கம்ப்யூட்டர்களில் லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர் எதுவும் இருக்கக் கூடாது.

எங்களிடம் இருந்தது நாலு பழைய கம்ப்யூட்டர்கள். நாலிலும் சர்வீஸ்காரர் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட காப்பிகள்தான். லைசென்ஸோடு புதிதாக வாங்க விசாரித்தபோது, எங்கள் கம்ப்யூட்டர்களே பழசு, அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குக் கையில் காசு இல்லை. புது பார்ட் வராவிட்டாலோ, சும்மா கிடக்கும் இரண்டாவது பிரஸ் மெஷினை நம்பி எடுத்த ஆறு பேரை நிறுத்த வேண்டியிருக்கும். டிஸ்பேட்ச் பார்க்கும் அக்கா அந்த ஆறு பேரில் ஒருத்தி. மண்ணூரிலிருந்து வருகிறவள். பத்தாவது வரை படித்தவள். பெட்டிகளுக்கு லேபிள் அடித்து வண்டி ஏற்றுவது அவள் பொறுப்பு.

"சார், விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாம். ஃப்ரீதான், லைசென்ஸ் பிரச்சனையும் இல்ல" என்று நான்தான் சொன்னேன்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் யூடியூபில் பார்த்ததுதான். என் வாழ்க்கையில் அதுவரை ஒரு கம்ப்யூட்டரில்கூட நான் லினக்ஸ் போட்டதில்லை.

லினக்ஸ் என்றால் ஒன்று இல்லை, நூறு வகை இருக்கிறது என்பதே அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வீடியோவில் ஒருவர் கறுப்புத் திரையில் மளமளவென்று தட்டிக்கொண்டே, விஷயம் தெரிந்தவர்கள் பயன்படுத்துவது இதைத்தான் என்றார். அவ்வளவுதான், நானும் விஷயம் தெரிந்தவளாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, ஃபைல்களை மட்டும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, நாலு கம்ப்யூட்டரையும் துடைத்து அதைப் போட்டேன். சாயங்காலம் நாலும் உயிரோடு எழுந்தன. ஆட்டோவில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை வண்டி வந்து நின்றது. அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தினாள்.

"இன்னா மேடம் இது, ஒரு பட்டனும் காணோம்? லேபிள் எங்க கீது?"

நான் போய்ப் பார்த்தேன். பிரிண்டரை அது கண்டுகொள்ளவே இல்லை. ஏதேதோ தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரு திட்டு வந்தது. லேபிள் இல்லாத பெட்டியைக் கஸ்டமர் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். வண்டிக்காரர் இரண்டாவது டீயும் குடித்து முடித்துவிட்டார். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாலு கம்ப்யூட்டரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஃபர்ஸ்ட் பீஸ் பாத்தியாம்மா?"

ஊரையெல்லாம் அந்த ஒரு விஷயத்துக்காக வறுத்தெடுக்கிறவள் நான். என் வேலை என்று வந்தபோது, ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் நாலையும் ஓட்டியிருக்கிறேன். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

முதலாளி வீட்டிலிருந்து தன் சொந்த லேப்டாப்பை வரவழைத்து பிரிண்டரில் மாட்டிக் கொடுத்தார். அது முறையாக வாங்கியது. வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.

அன்று மத்தியானம் நான் ஒரு புது இன்ஸ்பெக்‌ஷன் தாளை எடுத்தேன். பிராக்கெட்டுக்கு எப்படி எழுதுவேனோ அப்படியே எழுதினேன். பிரிண்டர் தானாக வேலை செய்கிறதா? பழைய கணக்குத்தாள் அப்படியே திறக்கிறதா? பழைய கம்ப்யூட்டரில் திணறாமல் ஓடுகிறதா? கடைசியாக ஒன்று: அக்கா யாரையும் கேட்காமல் லேபிள் எடுக்க முடிகிறதா? இதை எழுதியபோதுதான், இத்தனை நாளும் நான் எனக்குத்தான் சாஃப்ட்வேர் தேடியிருக்கிறேன் என்று உறைத்தது. எட்டு மணி நேரமும் அதன் முன்னால் உட்காரப் போவது நான் இல்லையே.

லினக்ஸில் ஒரு நல்ல வசதி, எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். மூன்று வகைகளை மூன்று பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவை உட்கார வைத்தேன். என் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். நான் பக்கத்தில் நிற்பேன், வாயைத் திறக்கமாட்டேன். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

முதலாவது பார்க்க அழகாக இருந்தது, ஆனால் எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டரில் நகரவே இல்லை. அக்கா தயிர்சாதத்தை முடித்துக் கை கழுவி வந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவதில் பட்டன்கள் எல்லாம் திரையின் மேலே இருந்தன.

"வூட்டுக்குள்ள எப்டி போறதுனே தெரியலியே" என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

மூன்றாவது லினக்ஸ் மிண்ட். கீழே இடது மூலையில், அவள் கை பழகிய அதே இடத்தில் மெனு இருந்தது. நான் தமிழையும் போட்டு வைத்திருந்தேன். பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும்தான் வந்தது, இருந்தாலும் அக்கா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். அதோடு இலவசமாக வரும் லிப்ரே ஆபிஸில் எங்கள் லேபிள் ஃபைல் திறந்தது. "அச்சிடு" என்று படித்து, அதை அழுத்தினாள். மூலையில் இருந்த பிரிண்டர் கரகரவென்று முழித்துக்கொண்டது.

லேபிள் வெளியே வந்தது. அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான்தானே எடுத்தேன்?" என்று கேட்டாள். நான் மூன்று நாளாகப் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்து, ஆமாம் அக்கா, நீங்கதான் என்றேன்.

மஞ்சள் அட்டையை எடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் என் பேனா போகவில்லை. அதை அக்காவிடம் நீட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். லேபிளையும் அட்டையையும் சேர்த்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டினோம். அதற்கப்புறம்தான் மற்ற மூன்றிலும் போட்டேன். ஒரு பழைய ஃபைலில் மட்டும் கட்டங்கள் இடம் மாறியிருந்தன, உட்கார்ந்து சரிசெய்தேன்.

ஆடிட் அன்று வந்த அதிகாரி நேராகக் கம்ப்யூட்டரிடம்தான் வந்தார். பில் எங்கே என்றார். பில் கிடையாது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், காப்பி எடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று அதன் லைசென்ஸிலேயே இருக்கிறது என்று அச்செடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். ஒரு வரி விடாமல் படித்தார். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதிகாரி பிறகு என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, போன வாரம் போன ஒரு பெட்டியைச் சொல்லி, அது எந்த லாட், அதாவது எந்த நாள் அடித்த சரக்கு என்று காட்டச் சொன்னார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், திறந்தாள், தேடினாள், காட்டினாள். அவர் பேனாவை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"புது சிஸ்டம்னு சொன்னாங்க. யார் ஓகே பண்ணது?" என்று கேட்டார்.

அக்கா மானிட்டர் ஓரத்தைக் காட்டினாள். "நான்தான் சார் ஓகே பண்ணேன். தோ, என் கையெழுத்து கீது பாருங்க."

அதிகாரி குனிந்து அந்த மஞ்சள் அட்டையைப் படித்தார். சிரித்தார். அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது, அந்த சாஃப்ட்வேரின் பெயர் என்ன என்று என்னிடம் தனியாகக் கேட்டு, டைரியில் எழுதிக்கொண்டும் போனார்.

புது பார்ட் எங்களுக்கே வந்தது. இரண்டாவது பிரஸ் இப்போது இரண்டு ஷிஃப்ட் ஓடுகிறது. ஆறு பேரும் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது அக்காதான், அவள் சொல்லிக்கொடுக்கும்போது என்னைப் பக்கத்தில் விடுவதில்லை.

மெஷின்களில் என் கையெழுத்தோடு தினமும் எத்தனையோ மஞ்சள் அட்டைகள் தொங்கும், ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றிப் போட்டுவிடுவோம். அக்கா கையெழுத்துப் போட்ட அந்த ஒன்றை மட்டும் இன்னும் கழற்றவில்லை, யாராவது என்னிடம் "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டால், ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.