பட்டித்தூள் மேல் விழுந்த பழி

சுவருக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற பெயிண்டர் அவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது அந்தத் தூளில் புருவம் வரை வெள்ளையாக இருப்பார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'பவுடர்'. அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவருக்கு வேண்டியதெல்லாம் மாடி பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டீ, எதிரே மனைவியின் ரோஜாத் தொட்டிகள், காது நிறைய அவள் பேச்சு.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு நாள் ரோஜா இலைகளில் திட்டுத் திட்டாக வெள்ளைத் தூள். இலைகள் சுருண்டன, மொட்டுகள் விரியாமல் நின்றன. மனைவிக்கு விசாரணையே தேவைப்படவில்லை.

"ஏங்க, சட்டைய இங்கதானே உதறினீங்க?"

"இல்லம்மா, நான் கீழயே..."

"பின்ன இந்தப் பட்டித்தூள் தானா பறந்து வந்துச்சா?"

நாற்காலி உள்ளே போனது. பால்கனிப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று உத்தரவு. மனிதர் வேலையிடத்திலேயே குளித்துப் பார்த்தார், தெருவில் நின்று சட்டையை உதறிப் பார்த்தார். தூள் குறைந்தபாடில்லை. 'ஒருவேளை நாம்தானோ' என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அறைக்குள் தனியாகக் குடித்த டீ டீயாகவே இல்லை.

அப்போது வெளியூரில் பன்னிரண்டு நாள் வேலை வந்தது. திரும்பியவர் பையைக்கூட இறக்காமல் பால்கனியை எட்டிப் பார்த்தார். புதுத்துளிர்களிலும் தூள் அப்பியிருந்தது. அவருக்கு வந்ததே ஒரு சந்தோஷம்!

"நான் ஊர்லயே இல்லையே! இப்ப யாரு உதறினா?"

மனைவி ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு நர்சரிக்குப் போனாள், அவரும் பின்னாலேயே போனார்.

"சாம்பல் நோய்மா. இது ஒரு பூஞ்சை," என்றார் நர்சரிக்காரர். "தொட்டிங்களுக்கு நடுவுல காத்து போகுதா?"

எங்கே போகும்? பதினொரு தொட்டிகளில் பத்து சுவரை ஒட்டி நெருக்கியடித்து நின்றன. ஓரத்தில் காற்றுபட நின்ற மஞ்சள் ரோஜா மட்டும் தப்பியிருந்தது. சுவரில் பூஞ்சை பிடித்தால் சுரண்டிவிட்டுக் காற்று விடவேண்டும் என்று பெயிண்டருக்கா சொல்லித்தர வேண்டும்? கெட்ட இலைகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினார். தொட்டிகளை முழத்துக்கொன்றாகத் தள்ளி வைத்தார். நர்சரிக்காரர் சொன்னபடி ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை காலை வெயிலில் தெளித்தார்.

"டீக்கே பால் பத்தல, இதுல ரோஜாவுக்கு வேறயா!" என்று மனைவி முணுமுணுத்தாள். ஆனாலும் பாலை அவள்தான் அளந்து கொடுத்தாள்.

நான்காவது வாரம் துளிர்கள் சுத்தமாக வந்தன. ஆனால் தொட்டிகளைத் தள்ளி வைத்ததில் பால்கனி நிரம்பி, நாற்காலி போட இடமில்லாமல் போய்விட்டது. வழக்கில் ஜெயித்தவர் டீயும் கையுமாகப் பால்கனி வாசற்படியில் நின்றார்.

மறுநாள் வந்தபோது பத்துத் தொட்டிகளே இருந்தன. ஓரத்தில், துடைத்துப் போட்ட நாற்காலி.

"மஞ்ச ரோஜா எங்கம்மா?"

"கீழ் வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் குடுத்துட்டேன்."

"அது உன் உசுராச்சே!"

"சீக்கு வந்தத யாருக்காவது குடுக்க முடியுமா?" டீயை நீட்டினாள். "உக்காருங்க. சட்டைய வேணும்னா இங்கயே உதறிக்குங்க."