என் திருடனைத் தூக்கில் போடச் சொன்னார்கள்

துப்பறியும் நாவல் எழுதுவது சுகமான தொழில்தான், படித்தவர்களை மறுநாள் கடைவீதியில் சந்திக்காமல் இருந்தால். என்னைப்போல் பேனாவை நம்பிக் கெட்ட சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். யுத்தத்துக்கு முன்பு, காகிதம் தாராளமாகக் கிடைத்த நாளில், தென்காசியில் ஓர் அச்சாபீஸுக்கு மாதம் ஒரு பாகமாக நாவல் எழுதிவந்தேன். அதில் ஒரு திருடனை உயிரோடு கரைசேர்க்க நான் பட்ட பாடு இது.

சாப்பாட்டுக் கேள்வி

முதல் இரண்டு நாவல்களிலும் துப்பறிகிறவரே கதாநாயகர். தொப்பி, கைத்தடி, தப்பே செய்யாத மூளை. சாரல் காலத்தில் குற்றாலத்து எண்ணெய்க் கடைகளில் கொடி கட்டி அந்தப் புஸ்தகங்களைத் தொங்கவிடுவார்கள். எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போகிறவர்கள், திரும்பும்போது ஒன்றை வாங்கிப்போவார்கள். ஒருநாள் கடைக்காரர் என்னைக் காட்டி, "எழுதினது இவருதான்" என்று மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மாளிடம் சொல்லிவிட்டார். பாராட்டப்போகிறாள் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். அம்மாள் கேட்டது இது: "துப்பறியுறவரு கெடக்கட்டும். பாழுங்கிணத்துல ஒளிஞ்சிருந்த திருடன் மூணு நாளா என்ன சாப்பிட்டான்? அதை எழுதலையே நீங்க?"

டிரங்குப் பெட்டி

அன்றைக்கே தீர்மானித்தேன், அடுத்த கதையைத் திருடனே சொல்லட்டும் என்று. "என் பெயர் செல்லையா. போன ஆனியில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன், நீங்கள் அருவிக்குப் போயிருந்தீர்கள்" என்று தொடங்கினேன். சீசனுக்கு வீடெடுத்துத் தங்குகிறவர்கள் குளிக்கப் போன நேரத்தில் உள்ளே புகுவான். நகையை எடுத்தாலும், பூனை வாய் வைக்காமல் பால் பானையை மூடிவிட்டு வருவான். முதல் பாகம் வந்ததுமே ஊருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவன்தான் நான் என்றும் ஊர் முடிவுகட்டிவிட்டது.

அடுத்த வீட்டு ஆவுடையம்மாள் டிரங்குப் பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். செல்லையா குடைக்கம்பியால்தான் பூட்டைத் திறப்பான். அதனால் கையோடு குடையையும் கொண்டுவந்திருந்தாள். ஒரு மணி நேரம் போராடினேன். பெட்டி திறக்கவில்லை, குடைதான் போயிற்று. ஆவுடையம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செல்லையா அரை நிமிசத்துல தெறக்கான். அப்பம் நீங்க எழுதுததெல்லாம் பொய்யா அண்ணாச்சி?"

ஏட்டையா

இரண்டாம் பாகம் வந்த வாரம் ஹெட் கான்ஸ்டபிள் அச்சாபீஸுக்கே வந்துவிட்டார். அந்தச் சீசனில் நிஜமாகவே இரண்டு வீடுகளில் களவு போயிருந்தது. எந்தெந்த நாளில் எங்கெங்கே இருந்தேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். விசாரணை முடிந்ததும் எழுந்து போகாமல், குரலைத் தணித்து மனக்குறையைச் சொன்னார்: "உம்ம கதையில வார ஏட்டு பக்கத்துக்குப் பக்கம் வெத்தலை போடுதான். நான் வெத்தலையே தொடுததில்ல வேய். அதைத் திருத்தும். செல்லையாவைப் புடிச்சா நான் புடிச்சதாத்தான் இருக்கணும்."

தீர்ப்பு

அச்சாபீஸ் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி கிருத்திகை தவறாமல் பண்பொழி மலை முருகனைக் கும்பிடப் போகிறவர். மூன்றாம் பாகம் வெளிவந்த கையோடு தீர்ப்பைச் சொல்லிவிட்டார். கோயில் நோட்டீஸ் அடிக்கிற மிஷினில் திருடன் ஜெயிக்கக்கூடாது. நாலாம் பாகத்தில் செல்லையா தூக்கில் தொங்கவேண்டும். இல்லாவிட்டால் நாலாம் பாகமே கிடையாது. மூன்று பாகத்தோடு கதை நின்றால் அப்புறம் என் பெயரை எந்த அச்சாபீஸ் நம்பும்? ஆனாலும் மாட்டேன் என்றேன். ஊரெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்த ஒருத்தனைப் பாடம் சொல்வதற்காகக் கொல்ல எனக்குக் கை வராது. "திருட்டுக்கு எந்தச் சட்டத்தில் அண்ணாச்சி தூக்கு?" என்று மடக்கினேன். அவர் அசரவில்லை. "அப்பம் ஒரு கொலையையும் பண்ணச் சொல்லும். நீரு எழுதலேன்னா நானே எழுதுதேன்."

பாம்படம்

நான் வீறாப்பாக இருந்த அந்த வாரம் பாவூர்சத்திரத்திலிருந்து ஓர் அம்மாள் என்னைத் தேடி வந்தாள். சீசனில் களவு போன இரண்டு வீடுகளில் ஒன்று அவள் தங்கியிருந்தது. போனது, செத்துப்போன தாயார் காதில் கிடந்த பாம்படம். நாவலின் மூன்று பாகங்களும் அவள் கையில் இருந்தன. திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. "செல்லையா பேசப் பேச சிரிச்சுட்டேன் அண்ணாச்சி. சிரிச்ச பொறவு எம்மேலேயே எனக்குக் கோவம் வந்துட்டு. அவன் பூனையைச் சொல்லுதான், பால் பானையைச் சொல்லுதான். எடுத்துட்டுப் போனது யாரு காதுல கெடந்ததுன்னு ஒரு வரி சொல்லலையே."

நாலாம் பாகம்

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. செல்லையாவைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்த நான், அவன் திறந்த பெட்டிகள் யாருடையவை என்று யோசித்ததே இல்லை. ஆனாலும் அவனைக் கொல்ல மாட்டேன். எட்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். செல்லையா ஒரு பாம்படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான். வீட்டுக்காரி ஏசவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. அவனை உட்காரவைத்து, அந்தக் காதுக்குரியவள் எப்படி வாழ்ந்தாள், எப்படிச் செத்தாள் என்று சொல்கிறாள். மூன்று பாகம் ஓயாமல் பேசியவன் வாய் திறக்காமல் கேட்கிறான். பிறகு தானாகவே நடந்து, வெற்றிலை போடாத ஏட்டிடம் போய் நிற்கிறான். அதையும் அவனே சொல்கிறான்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் அச்சுக்கோர்க்கிறவரிடம் கொடுத்தார். "நீங்கள் எழுதிய தூக்கு எங்கே அண்ணாச்சி?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி மேஜைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். அவரும் எட்டு நாளாகச் செல்லையாவாகவே இருந்து எழுதியிருக்கிறார். கொலையுண்ட ஆள் அடுத்த பக்கத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறான். தூக்குமேடை வரை போன செல்லையா, கடைசிப் பக்கத்தில் தப்பித்து, எல்லைப் புளியறை தாண்டித் திருவிதாங்கூருக்குள் நடந்துகொண்டிருக்கிறான். நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி தொண்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கயித்தைக் கிட்டக் கொண்டுபோனா எனக்குல்லா கழுத்து அரிக்கி."

நமக்குப் பிடித்துப்போன திருடனைத் தூக்கில் போடவும் முடியாது, தப்பவிடவும் கூடாது, எதிரே ஒருத்தியை உட்காரவைத்துக் காதுகொடுத்துக் கேட்கச் செய்யலாம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு நாலு பாகமும் ஆவுடையம்மாளின் குடையும்.