கைத்துவக்குக்கு வைத்த பொட்டு

போனில் தமிழ் எழுதப் பழகியது இப்போதுதான். மெதுவாகத் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தில் சுடும் பழைய கைத்துவக்கின் பாரத்தை என் மணிக்கட்டு தாங்கவில்லை. குறிபார்த்துச் சுடும் விளையாட்டையே விடவேண்டி வருமோ என்று பயந்து, சின்னதாக வந்திருக்கும் புது மொடலை வாங்கினேன். இன்று அதைப் பூட்டிய பெட்டியில் வைத்து, அப்டன் பார்க் வீட்டிலிருந்து துவக்குச் சுடும் கிளப்புக்குக் கொண்டுபோனேன்.

பெட்டியைத் திறந்ததும் பொறுப்பாளர் டேவிட் திடுக்கிட்டார். "இதென்ன, ரத்தமா?"

மனைவி வைத்த குங்குமம்!

"புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் கொண்டுபோகேலாதப்பா" என்று காலையில் பிடிவாதமாய் நின்றாள்.

"இது காரில்லையப்பா" என்றேன். கேட்டால்தானே.

டேவிட்டுக்கு விளக்கினேன். சிரித்து, தன் துணியாலேயே துடைத்துத் தந்தார். சுட்டேன். மணிக்கட்டு நோகவேயில்லை.

"அடுத்தமுறை என்னுடையதுக்கும் கொஞ்சம் கொண்டுவா" என்றார். நல்ல மனிதர்.

மனைவி இப்போது கண்ணூறு படாமலிருக்கத் தேசிக்காய் தேடுகிறாள். காருக்கென்றால் சில்லுக்குக் கீழே வைத்து நசுக்கலாம். துவக்குக்கு எங்கே வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.