பிரசவ மேசைக்கு ஒரு விரிப்பு

பயிற்சிக்கு வா என்று கூப்பிட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இத்தனை வருஷமாகப் பிரசவம் பார்த்த கைக்கு இவர்கள் புதிதாக என்ன சொல்லிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று நினைப்பேன். காலையில் டீ, நடுவில் ஒரு வடை, மத்தியானம் சாப்பாடு, அதற்கப்புறம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே ஒரு தூக்கம். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனாலும் நான் ஒரு பயிற்சிக்கும் போகாமல் இருந்ததில்லை. படிப்பின் மேல் இருந்த ஆசையால் அல்ல. பயிற்சி கள்ளக்குறிச்சியில் நடக்கும். முடிந்ததும் பஸ் பிடித்தால் மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் போய், என் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருவேளை சோறு சாப்பிடலாம்.

அப்போது நான் கல்வராயன் மலையில் ஸ்டாஃப் நர்ஸ். வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பிரசவ அறையில் இருந்தது ஒரே ஒரு மேசை. டாக்டர் ஒருவர் உண்டு. மீட்டிங், கேம்ப் என்று பாதி நாள் அவரைக் கீழே கூப்பிட்டுவிடுவார்கள். அவரைக் குற்றம் சொல்லவில்லை, கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்! அவர் மலை இறங்கிய நேரம் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகளெல்லாம் பிறக்கும்.

அந்தத் தடவை வகுப்பெடுக்க வந்த டாக்டரம்மா என்னைவிட ரொம்பச் சின்னவர். நேற்றுப் படித்துவிட்டு வந்தவர் நமக்குப் பாடம் எடுக்கிறாராக்கும் என்று பக்கத்தில் இருந்த நர்ஸிடம் முணுமுணுத்தேன். பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கு வருகிற இரத்தப்போக்கு பற்றிய வகுப்பு. அதைப் பல தடவை கேட்டாயிற்று. ஆனால் இவர் படம் எதுவும் போட்டுக் காட்டவில்லை. எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது பெஞ்சுகளின் மேல் துணிகள் கிடந்தன. பஞ்சு, வெள்ளை விரிப்பு, கடைசியில் நாலாக மடித்த பழைய அரக்குக் கலர் புடவை ஒன்று. எல்லாவற்றிலும் சிவப்புச் சாயம் கரைத்த தண்ணீரை ஊற்றியிருந்தார். எதில் எவ்வளவு ஊற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

வெள்ளை விரிப்புக்கு எல்லோரும் கொஞ்சம் குறைத்துச் சொன்னோம். புடவைக்கு வந்தபோது நான் முந்திக்கொண்டேன். ஒரு டம்ளர் இருக்கும், அதுவே ஜாஸ்தி என்றேன். அவர் புடவையின் ஓரத்தைப் பிடித்து வாளிக்கு மேலே பிழிந்தார். பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது. ஒரு பெரிய சொம்பு நிறைய ஊற்றியதாகச் சொன்னார். நான் எழுந்து போய் வாளியை எட்டிப் பார்த்தேன்.

மலையில் ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவரும்போது தாய் வீட்டுப் புடவை ஒன்றும் கூடவே வரும். பெற்றவள்தான் அதைக் கையில் எடுத்து வரவேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. உடுத்தி உடுத்தித் தேய்ந்த நூல் புடவை. அரக்கு, இல்லையென்றால் கருநீலம். வெளிர் நிறம் ஆகாது. பிரசவ இரத்தம் பார்வையில் படக்கூடாது, அதுவும் ஆண்கள் பார்வையில் படவே கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதை நாலாக மடித்து மேசையில் போட்டு, அதன் மேல்தான் பெண்ணைப் படுக்க வைப்பார்கள். நாங்களும் தடுத்ததில்லை. எதற்குத் தடுக்க வேண்டும், எங்களுக்கும் அது வசதியாகத்தானே இருந்தது? ஆஸ்பத்திரி விரிப்பு மிச்சம். அலசுகிற வேலை இல்லை. மேலதிகாரி யாராவது எட்டிப் பார்த்தாலும் மேசை பளிச்சென்று இருக்கும். எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

மறுநாள் கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியபோது எனக்கு ஒருத்தியின் நினைப்பாகவே இருந்தது. நான் அவளைப் பார்த்ததில்லை. நான் அங்கே மாற்றலாகி வருவதற்கு முன்னால் தலைப்பிரசவத்துக்கு வந்தவள். எல்லாம் நல்லபடியாக முடிந்து, குழந்தையைத் துடைத்துக் கையில் கொடுத்தாயிற்று. அம்மாக்காரி கஞ்சி வைக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து கூப்பிட்டால் பெண்ணிடம் பேச்சில்லை. ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டு ஓடினார்கள், ஒன்றும் பிரயோஜனப்படவில்லை. ‘இரத்தம் அவ்வளவா போகவே இல்லியே’ என்று அன்றைக்கு இருந்த நர்ஸ் சொல்லிச் சொல்லி அழுதாராம். ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற அம்மா இதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எனக்கு அது என்ன காத்து, என்ன கருப்பு என்று புரிந்துவிட்டது. பாவி மகளே என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இனிமேல் என் மேசையில் புடவை கிடையாது, வெள்ளை விரிப்புதான் என்று வைராக்கியத்தோடு போய் இறங்கினேன். அதற்கப்புறம் முதலில் வந்த பெண்ணோடேயே சண்டை ஆரம்பித்தது.

அவளுக்கு அது இரண்டாவது பிரசவம். புருஷன் ஊர் பக்கத்துக் குக்கிராமம். காலையில் அவனும், சாமைக் கொல்லையிலிருந்து அப்படியே எழுந்து வந்த அவள் அம்மாவும் கூட்டி வந்தார்கள். பெண்ணின் கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. மாத்திரை சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்று சத்தியம் பண்ணினாள். அப்படி ஒரு உடம்பிலிருந்து ஒரு டம்ளர் கூடுதலாகப் போனாலும் தாங்காது. கீழே அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், வலி நன்றாகப் பிடித்துவிட்டது. போகிற வழியில் வளைவிலேயே பிறந்துவிடும். டாக்டர் அன்றைக்கும் கள்ளக்குறிச்சியில் இருந்தார்.

நான் மேசையில் வெள்ளை விரிப்பைப் போட்டேன். அம்மாக்காரி அதை ஒரே இழுப்பில் இழுத்துக் கீழே போட்டாள்.

“பொணத்துக்குப் போர்த்தறத எம் பொண்ணுக்கு விரிக்கறியா?” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். இது உன் வீடா, ஆஸ்பத்திரியா, இங்கே நான் சொல்வதுதான் சட்டம், இஷ்டமில்லையென்றால் கூட்டிக்கொண்டு போ என்று கத்தினேன். அவள் அசையவில்லை. கக்கத்தில் அரக்குப் புடவையை இடுக்கிக்கொண்டு மேசைக்குக் குறுக்கே நின்றாள். அவள் குரல் மட்டும் இறங்கிவிட்டது.

“இங்க பெத்துட்டுக் கீழ போன பெரியவள வெள்ளத் துணியில சுத்தித்தாங்க குடுத்தாங்க. ஒருத்தியப் பாத்தது போதும்.”

அப்போதுதான் அவள் யார் என்று எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் நான் நினைத்துக்கொண்டு வந்தவளைப் பெற்றவள்.

நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. உன் பெரிய பெண் எப்படிச் செத்தாள் தெரியுமா, நீ ஆசை ஆசையாக எடுத்து வந்த புடவை அத்தனை இரத்தத்தையும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாமல் கிடந்தது என்று சொல்லிவிட்டால் போதும், அந்த நிமிஷமே நான் ஜெயித்துவிடுவேன். என் வாய்க்கு அது பெரிய காரியமே இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வரவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அவள் எப்படிச் சோறு தின்பாள்? கீழே கிடந்த விரிப்பை எடுத்து உதறினேன். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாகப் பூசிப் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“மஞ்சத் தண்ணியில நனைச்ச துணின்னா படுப்பாளா?”

அவள் யோசித்தாள். பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். “மஞ்சன்னா செரிதாங்க” என்றாள் அம்மாக்காரி.

வகுப்பெடுத்த டாக்டரம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. பெருக்கித் துடைக்கிற அம்மா தன் வீட்டிலிருந்து மஞ்சள் தூள் கொண்டு வந்தார். கொதிக்கிற தண்ணீரில் கரைத்து, விரிப்பைப் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்துப் பிழிந்து கொடியில் போட்டோம். மலைக்காற்றில் முக்கால் ஈரம் போனதுமே எடுத்துவிட்டோம். அம்மாக்காரி அதைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு தானே கொண்டு வந்து, ரப்பர் ஷீட்டின் மேல் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது, நல்ல குரல். கர்ப்பப்பை இறுகுவதற்கான ஊசியை உடனே போட்டேன். நஞ்சுக்கொடியும் முழுசாக வந்தது. எல்லாம் முடிந்தது என்று கை கழுவத் திரும்புகிற நேரம், மஞ்சள் துணியில் சிவப்பு பரவுவதைப் பார்த்தேன். சொட்டு இல்லை, கொட்டு இல்லை. சத்தமே இல்லாமல் ஊறிக்கொண்டு, ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. புடவையாக இருந்திருந்தால் கொஞ்சம் ஈரம் என்று நினைத்துவிட்டுக் குழந்தைக்கு எடை போடப் போயிருப்பேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் கர்ப்பப்பை இறுகவே இல்லை, பிசைந்த மாவு போல இருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் கைதான் செய்தது, நான் செய்யவில்லை. வயிற்றைத் தேய்த்தேன். இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றி மறுபடி மருந்து போட்டேன். பெருக்கித் துடைக்கிற அம்மாவை ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னேன். அம்மாக்காரியின் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்துத் தூக்கிப் பிடி, இறக்கினால் கொன்றுவிடுவேன் என்றேன். அப்படியும் நிற்கவில்லை. வகுப்பில் ரப்பர் பொம்மையை வைத்துக்கொண்டு நாங்கள் சிரித்துச் சிரித்துப் பழகியது ஒன்று உண்டு. ஒரு கையை உள்ளே விட்டு முஷ்டியாக்கி, மறு கையால் வெளியிலிருந்து வயிற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் மரத்துப்போய்விட்டது. என் குலதெய்வத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் கைக்குள் கர்ப்பப்பை மெல்ல இறுகியது. துணியில் சிவப்பு அதற்கு மேல் நகரவில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். கீழே கொண்டு போய் இரத்தம் ஏற்றினார்கள், குழந்தையோடு மலையேறி வந்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் காத்திருந்தோம். பெண் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அம்மாக்காரி பாட்டிலை இறக்கவே இல்லை. குழந்தையைப் பார்ப்பாள், பெண்ணைப் பார்ப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் மஞ்சள் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் வரைக்கும் நனைந்திருந்ததை, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, பொறுமையாகப் பார்த்தாள்.

“பெரியவளுக்கும் இவ்ளோ போயிருக்குமாங்க?” என்றாள்.

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். இதற்கு மட்டும் பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“அந்தப் பொடவைய நாந்தான எடுத்தாந்தேன்.”

அய்யோ, இதைச் சொல்லக்கூடாது என்றுதானே அத்தனை பாடுபட்டேன். அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி ஆணியில் மாட்டினேன். அவளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். அவள் மேல் பழி இல்லை என்று அவளுக்குப் புரிய வேண்டும், வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

“நீ இன்னாம்மா பண்ணுவ? நர்ஸு பக்கத்துலியேதான் இருந்தாங்க. அவங்களுக்கே தெரியல. எங்க யாருக்குமே தெரியாதும்மா. போன வாரம்தான் எங்களுக்கே சொல்லிக் குடுத்தாங்க.”

இது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு துளியும் கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அத முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதாங்க?”