ஒலிக்கலவை: ஜூலியன்

தேற்றாத்தீவில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஜூலியனின் வீடு இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் சாதாரண வீடுதான். முன்னறையைத் திறந்தால்தான் ஆள் திடுக்கிடுவான். நாலு சுவரிலும் பழைய மெத்தைகள் தொங்கும். யன்னலைப் பலகை அடித்து மூடியிருக்கும். சத்தம் உள்ளே வரவும் கூடாது, உள்ளே இருப்பது எதிரொலிக்கவும் கூடாது என்பதற்கான ஏற்பாடு. மனைவி மக்டலின் சீதனமாகக் கொண்டுவந்த மெத்தையும் அதில் ஒன்று. "ஊரில மனிசர் மெத்தையில படுக்கிற. எங்கட வீட்டில மெத்தை நிண்டுகொண்டிரிக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அறைக்குள் இருந்துதான் ஜூலியன் 'வீட்டுக் கச்சேரி' குழுவை நடத்துகிறான். கொரோனா ஊரடங்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் கிடந்த காலத்தில் வட்ஸ்அப்பில் தொடங்கியது அது. மட்டக்களப்பைச் சுற்றி வீட்டில் பாடி, வாசித்துப் பதிவுசெய்கிறவர்களும், ஊரை விட்டுப் போனவர்கள் சிலரும் அதில் சேர்ந்தார்கள். மாதம் ஒரு பாட்டு. ஏறாவூரில் தையல் கடை வைத்திருக்கும் அஸீமா வரிகளை எழுதி அனுப்புவாள். குருக்கள்மடத்தில் ஜூலியனோடு ஒரே வாங்கில் இருந்து படித்த உதயரூபன் பாடி அனுப்புவான். ஒருவர் கிற்றார், ஒருவர் மேளம் என்று எல்லாத் துண்டுகளும் ஜூலியனிடம் வந்து சேரும். சேர வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கலைஞர்களை மேய்ப்பவனுக்குப் பொறுமை வேண்டும், ஜூலியனுக்கோ அது மருந்துக்கும் கிடையாது. "எல்லாரும் ஒரே இடத்தில தொடங்கி அனுப்புங்க. பின்னால கோழி கத்தினா திரும்பப் பாடுங்க. கோழிக்கு நான் சுதி சேர்க்க ஏலா" என்று குரல் பதிவு போட்டு ஏசுவான். ஏச்சு வாங்கினாலும் அனுப்பினார்கள்.

குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. துண்டுகளை எல்லோருக்கும் பொதுவில் வைப்பார்கள். விரும்பியவர்கள் அவற்றைத் தங்கள் விருப்பப்படி கலந்து ஒரு முழுப் பாட்டாக்கி ஜூலியனுக்குத் தனியே அனுப்பலாம். அவனும் ஒன்று செய்வான். பிறகு எதற்கும் பெயர் போடாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டுக் குழுவில் விடுவான். பிடித்த இலக்கத்துக்குக் கை தூக்கும் படம் ஒன்றைப் போடுவதுதான் வாக்கு. ஆள் பார்த்து வாக்குப் போடக்கூடாது, காதால் கேட்டுப் போட வேண்டும் என்பது அவனே கொண்டுவந்த சட்டம். எது வென்றதோ அதை மட்டக்களப்பு நகரத்தில் இருக்கும் கம்சாயினி இணையத்தில் ஏற்றுவாள். கீழே 'ஒலிக்கலவை' என்று எழுதி, வென்றவரின் பெயரைப் போடுவாள்.

இரண்டு வருசமாக அங்கே ஒரே பெயர்தான். ஜூலியன்.

இதில் அவனுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. பதினைந்து வருசம் கட்டாரில் ஒரு கட்டடத் தளத்தில் ஜெனரேற்றர் அறையைக் காவல் காத்தவன். காதை மூடக் கொடுத்த கவசத்துக்குள்ளே இயர்போனைச் செருகி, ஜெனரேற்றரின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும் அளவுக்குப் பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்த வருசங்களைக் கழித்தான். பாட்டு இல்லாவிட்டால் எனக்கு அங்கே பைத்தியம் பிடித்திருக்கும் என்பான். திரும்பி வந்தபோது ஊருக்கு அவன் யாரோ ஒருவன். பிள்ளைகள் அவன் இல்லாமல் வளர்ந்து, அவன் இல்லாமலே இருக்கப் பழகியிருந்தார்கள். கோயில் பாடகர் குழுவில் இடம் கேட்டுப் போனான். இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கடைசியில் மிஞ்சியது இந்த அறையும், அங்கே இருந்து அவன் செய்து அனுப்பும் பாட்டுக்கு எழும் கைகளும்தான். அதுவும் போய்விட்டால் ஜூலியன் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

ஒரே ஒரு மனக்குறை. இணையத்தில் ஏறிய பிறகு பாட்டு மங்கிப்போகிறது. அவன் அனுப்பும்போது பளிச்சென்று இருக்கும் பாட்டு, அங்கே போனதும் சாக்குக்குள் போட்டுக் கட்டியதைப் போல ஆகிவிடுகிறது. ஏற்றும்போது கோப்பைச் சிறிதாக்கப் பாட்டை நசுக்குகிறார்கள் என்று நம்பினான். அதனால் ஒவ்வொரு மாதமும் ட்ரெபிளை, அதாவது மேல் சுதி ஒலிகளை, முன்னையதை விடக் கொஞ்சம், ஒரே ஒரு ஒள்ளுப்பம், கூட்டி அனுப்பினான். அப்படியும் மங்கியே வந்தது. வெளியான பாட்டைக் கேட்டால் வயிறு எரியும் என்பதால் முதல் சில விநாடிகளோடு நிறுத்திவிடுவான்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு றோட்டில் நிற்கும் ஒருத்தியைப் பற்றி அஸீமா எழுதிய பாட்டு வெளிவந்த பிறகுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பாட்டை மங்கவிடாமல் ஏற்றுவது எப்படி என்று குழுவுக்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும். எங்கே நசுக்குகிறார்கள் என்று காட்டினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள். வெளியான பாட்டை இறக்கி, தன்னுடைய பாட்டுக்குக் கீழே கணினித் திரையில் வைத்தான். இரண்டின் ஒலிக்கோடுகளும் ஒரே உருவமாய் இருக்க வேண்டும், உயரத்தில் மட்டும் வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்தான்.

உருவமே வேறாக இருந்தது. மேளம் ஏறும் இடம் வேறு. கடைசி வரி அடங்கும் விதம் வேறு. இது நசுங்கிய பாட்டில்லை, வேறு பாட்டு. அந்த மாதம் வந்த மற்றக் கலவைகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துப் பார்த்தான். மூன்றாம் இலக்கம் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. மூன்றாம் இலக்கம் கம்சாயினியுடையது.

அதற்கு முந்தைய மாதத்தை எடுத்தான். அதற்கும் முந்தையதை எடுத்தான். ஒன்றில்கூட அவனுடைய பாட்டு இல்லை. சிலவற்றில் கம்சாயினி, சிலவற்றில் வேறு ஒருவர். கீழே எல்லாவற்றிலும் 'ஒலிக்கலவை: ஜூலியன்'.

கம்சாயினி தன் பாட்டைக் கள்ளமாக ஏற்றிவிட்டாள் என்று முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் யோசிக்கிற மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெளியான பாட்டைக் குழுவில் எல்லோரும்தான் கேட்கிறார்கள். தாங்கள் வாக்குப் போட்டது இதுவல்ல என்று எல்லோருக்கும்தான் தெரிந்திருக்கும். இரண்டு வருசத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஏன் என்பது அடுத்த நாள் காலையில் விளங்கியது. நல்ல பாட்டுகள் தனக்கு மட்டும் ஏன் மங்கிக் கேட்கின்றன என்ற சந்தேகத்தில், காதைச் சோதிக்கும் ஒரு பக்கத்தை இணையத்தில் திறந்து, ஒலியைக் கனத்த சுதியிலிருந்து கீச்சுச் சுதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். பாதித் தூரம் போனதும் சத்தம் நின்றுவிட்டது. கணினி சிக்கிவிட்டது என்று நினைத்து இன்னும் ஏற்றினான். ஸ்பீக்கரையும் கூட்டினான். மக்டலின் குசினியிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"இஞ்சருங்க, அந்தச் சனியன நிப்பாட்டுங்க. காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இரிக்கு."

"எதை நிப்பாட்டுற?"

மக்டலின் அவனைப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கல்லயா?"

"கேக்குது, கேக்குது" என்று சொல்லி ஜூலியன் அதை நிறுத்தினான். நிறுத்தியதற்கும் நிறுத்தாததற்கும் அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தன் காதுக்கு எட்டாத ஒலியைத் தேடித் தேடிக் கூட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு அப்போது உறைத்தது. உதயரூபன் பாடும் ஒவ்வொரு 'ச'வும் கேட்கிறவர் காதில் விசிலாய்க் கிழித்திருக்கும். பெயர் போடாத பாட்டுகளில் அவனுடையது எது என்று கண்டுபிடிக்க யாருக்கும் கஷ்டம் இருந்திருக்காது. எது கீச்சிடுகிறதோ அது ஜூலியனுடையது. அதற்குக் கை தூக்கிவிட்டு, நல்லதை ஏற்றியிருக்கிறார்கள். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். சாப்பாட்டுக்கு மக்டலின் கூப்பிட்டும் அவன் அறையை விட்டு வரவில்லை.

ஆனாலும் மனம் சும்மா கிடக்குமா? ஒருவேளை வாக்காவது உண்மையாக இருக்கலாம் என்று அது ஒரு மூலையில் நின்று முணுமுணுத்தது. கீச்சிட்டாலும் கலவையின் அமைப்பு பிடித்துத்தான் கை தூக்கினார்களோ, கீச்சை மட்டும் சொல்ல வாய் வரவில்லையோ? அதை அறியாமல் அவனால் இருக்க முடியவில்லை.

அடுத்த பாட்டு வந்தபோது ஜூலியன் இரண்டு கலவைகள் செய்தான். ஒன்று, காதை நம்பாமல் கண்ணால் செய்தது. கம்சாயினியின் பழைய கலவைகளைத் திரையில் விரித்து வைத்து, அவற்றின் உயரத்துக்கும் தாழ்வுக்கும் ஏற்ப ஒவ்வொன்றையும் நகர்த்தினான். ஒரு கிழமை பிடித்தது. கேட்டுப் பார்த்தால் அவனுக்கு அது மண்ணைத் தின்றதைப் போல இருந்தது. மற்றதை வேண்டுமென்றே நாசமாக்கினான். ட்ரெபிளை முழுவதும் ஏற்றினான். அதோடு விடாமல் உதயரூபனின் குரலை மேளத்துக்குக் கீழே புதைத்தான். வரிகளே விளங்காது. அமைப்பு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. செவிடனுக்கும் அது குப்பை என்று தெரியும், அவனுக்கே தெரிந்தது. நல்லதற்கு இரண்டாம் இலக்கம், குப்பைக்கு ஐந்தாம் இலக்கம் போட்டு, மற்றவர்களுடையவற்றோடு சேர்த்துக் குழுவில் விட்டான்.

ஒரு ஆள் போதும், ஐந்து சரியில்லை என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

ஐந்துக்கு முதல் கை கம்சாயினியுடையது. "அஞ்சு நல்லம்" என்றும் எழுதியிருந்தாள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கனடாவில் இருப்பவர் இரண்டு கை தூக்கினார். உதயரூபன் குரல் பதிவு அனுப்பினான். "ஆர் செஞ்சதெண்டு தெரியா மச்சான், ஆனா தெரிஞ்ச கை. அஞ்சுதான்." சொந்தக் குரலை உயிரோடு புதைத்த பாட்டுக்கு அவன் கொடுத்த சான்றிதழ் அது. அஸீமா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரை காட்டியது. நெடுநேரம் காட்டியது. பிறகு எழுதுவது நின்றது. அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கை வந்தது. அதுவும் ஐந்துக்கு.

இரண்டாம் இலக்கத்துக்கு யாருமே கை தூக்கவில்லை.

இத்தனை நாளும் அவன் பாட்டு அனுப்பவில்லை, பிச்சைப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. திட்டுவதற்கு அவர்கள் செய்த குற்றம்தான் என்ன, அன்புதானே? அந்த அன்பை அவனால் தாங்க முடியவில்லை. "எல்லாருக்கும் நன்றி" என்று எழுதினான். "கம்சாயினி, அஞ்சை ஏத்துங்க புள்ள."

"ஓம் அண்ணன்" என்று பதில் வந்தது.

அந்த வார இறுதியில் பாட்டு வெளியானது. ஜூலியன் அதை இறக்கித் திரையில் வைத்தான். ஐந்து இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. எதற்கும் என்று இரண்டாம் இலக்கத்தைக் கீழே வைத்தான். கோட்டோடு கோடு படிந்தது. தங்களுக்குள் பேசி, யார் செய்தது என்று தெரியாமலே அவர்கள் தெரிந்தெடுத்தது அவனுடைய பாட்டை. கீழே வழக்கம் போல 'ஒலிக்கலவை: ஜூலியன்' என்று இருந்தது. இரண்டு வருசமாகப் பொய்யாக இருந்த வரி இன்று உண்மை. அது உண்மை என்பது அதை எழுதியவளுக்கே தெரியாது.

சந்தோசம் வரும் என்று காத்திருந்தான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டான். மங்கிப் போய், சாக்குக்குள் கிடந்தது. அவன் வாழ்நாளில் செய்த நல்ல பாட்டு இதுதான், அதில் ஒரு இடம்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

மக்டலின் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவள் அப்படி வந்து நின்று கன காலம்.

"இது வடிவா வந்திரிக்கு. உதயரூபன் பக்கத்தில இரிந்து பாடுற மாதிரி. ஆர் செஞ்ச?"

நான் என்று சொல்ல வாய் எடுத்தான். சொன்னால் மிச்சம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும்.

"தெரியா" என்றான். "வேற ஆரோ."

"திருப்பி ஒருக்காப் போடுங்களன்."

ஜூலியன் திருப்பிப் போட்டான். மக்டலின் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு எந்த இடத்தில் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.