அக்காவின் வஞ்சிரம், என் மத்தி

மீனில் கூடவா ஓரவஞ்சனை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் மீனில்தான் ஓரவஞ்சனை. அறுபதுகளின் கடைசியில், கிழக்குத் தாம்பரத்தில், அப்பா போன பிறகு அம்மாவும் அக்காவும் நானும் அக்காவின் டெலிபோன் ஆபீஸ் சம்பளத்தில் காலம் தள்ளினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அம்மா மீன் வாங்குவாள். அக்காவுக்கு ஒரு துண்டு வஞ்சிரம். எனக்கும் அம்மாவுக்கும் மத்தி.

மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "இன்னாம்மா, பெரிய பொண்ணுக்கு வஞ்சிரம், சின்ன பொண்ணுக்கு மத்தியா? மூஞ்சி தொங்கிகினு கீது பாரு!"

அம்மா சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வஞ்சிரத்துக்குத்தான் என்ன திமிர்! இறுகின வெள்ளைச் சதை, நடுவில் ஒரு முள், அவ்வளவுதான். மிளகாய் அரைத்துத் தடவிக் கல்லில் போட்டால் தெருக்கோடி வரைக்கும் மணக்கும். மத்தியோ ஒரு விரல் நீளம். உடம்பெல்லாம் செதில், அதைச் சுரண்டி எடுத்தால் உள்ளே மயிரிழை மயிரிழையாக முள். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் வாடை போகாது. ஒன்று கடலுக்கு ராஜா, இன்னொன்று கும்பலோடு கும்பலாக வலையில் விழுவது. என்னை எந்தக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கேட்டால் அம்மாவிடம் பதில் தயாராக இருக்கும். "அவளுக்கு மத்தியான டூட்டிடி. முள்ளு பாத்துச் சாப்பிட ஏது நேரம்? ட்ரெயின் போயிடும்."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவாள். எனக்கு எந்த ரயிலும் இல்லையே! சின்ன வயதில் ஒரு தடவை மத்தி முள் என் தொண்டையில் சிக்கி, வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்க வைத்தார்கள். அன்றிலிருந்து அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மத்தியாகப் பிளந்து, முள்ளை உருவி, சதையை என் சோற்றோரம் வைப்பாள். தாவணி போட்ட பெண்ணுக்கு! முள் எடுத்தபடியே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கேட்பாள், பின்னல் சரியில்லை என்று திட்டுவாள். நான் பாதிதான் காதில் வாங்குவேன். என் கண்ணெல்லாம் அக்காவின் தட்டில் இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா லீவில் இருந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இவளுக்குத்தான் இன்னிக்கு ட்ரெயின் இல்லையே. வஞ்சிரம் எனக்கு," என்றேன்.

"ஊரை விட்டுப் போறவகிட்ட போட்டி போடறியே, வெக்கமா இல்ல?" என்று அம்மா அதட்டினாள். அக்கா தன் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, வஞ்சிரம் அருமை. உட்கார்ந்ததும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அக்கா இன்னும் கையே வைக்கவில்லை. மத்தி முழுசாகத் தட்டில் கிடந்தது.

"ஏண்டி, சாப்பிடேன்," என்றாள் அம்மா.

"எனக்கும் முள்ளு எடுத்துக் குடும்மா," என்றாள் அக்கா. "இத்தனை வருஷமா இவளுக்கு மட்டும்தான் எடுக்கிற. நான் பாத்துக்கிட்டே ஓடறேன்."

அம்மா என் பக்கத்திலிருந்து எழுந்து போய் அக்காவை ஒட்டி உட்கார்ந்து, முதல் மத்தியைப் பிளந்தாள். பம்பாயில் தண்ணீர் எப்படி, மாமியார் எப்படி என்று அக்கா பேசிக்கொண்டே போனாள். டெலிபோனில் ஊருக்கே லைன் கொடுத்தவள் வீட்டில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அம்மா ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள்.

என் கை காய்ந்துவிட்டது. தட்டில் அந்த ஒற்றை முள்.

"எனக்கும் ஒரு மத்தி வைம்மா," என்றேன்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதான் வஞ்சிரம் தின்னாச்சே," என்றாள். "எழுந்து போய்க் கை கழுவு."